பட்டாளத்துப் பழைய ஏடுகள்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் பழைய நூல்களைத் தேடி வாங்குகின்றான் என்றால் எவரும் வியப்படையார். அவை நாவலர் பதிப்புகளாகவோ தலபுராணங்களாகவோ உரைநூல்களாகவோ இருக்கும் என்று எண்ணி அமைவர். ஆயின், அவனுடைய அலுமாரியின் நடுத்தட்டில் ஆங்கிலேயப் பட்டாளங்களின் வரலாற்று நூல்கள் தோலட்டையும் பொன்னெழுத்துமாக அணிவகுத்து நிற்கக் கண்டால் புருவம் உயர்த்துவர். என்னைக் காண வரும் அன்பர் சிலர் வாய்விட்டே கேட்டிருக்கின்றனர்: “தொல்காப்பியம் படிப்பிக்கின்ற உமக்குத் துவக்குக்காரரின் புத்தகம் எதற்கு?”

கேள்வி நியாயமானதே. இன்று பத்திரிகை ஆசிரியர் இடந்தந்தமையால், அதற்குரிய விடையைச் சற்று விரிவாகவே சொல்ல முற்படுகின்றேன். இந்நூல்கள் எப்படிப் பிறந்தன, அவற்றில் நமக்கு உரியது யாது, அவற்றுள் இல்லாதது யாது என்னும் மூன்றையும் முறையே நோக்குவோம். மூன்றாவதே முதன்மையானது என்பது என் கருத்து.

அரச கட்டளையில் பிறந்த நூல்கள்

பட்டாள வரலாறு என்பது ஒரு தனி நூல்வகை. காப்பியத்துக்கு இலக்கணம் இருப்பது போல அதற்கும் ஓர் இலக்கணம் உண்டு. அவ்விலக்கணத்தை வகுத்தது புலவர் அவையன்று. ஓர் அரச கட்டளை. 1836ஆம் ஆண்டு தை மாதம் முதலாம் நாள், நான்காம் வில்லியம் மன்னனின் ஆணையாக இலண்டனிலுள்ள படைத் தலைமையகம் ஓர் அறிவித்தலை வெளியிட்டது. பிரித்தானியப் படையிலுள்ள ஒவ்வொரு பட்டாளத்தின் சேவை வரலாறும் நூலாக வெளிவர வேண்டும் என்பது அதன் சாரம். பட்டாளம் தொடங்கிய காலம், அது நிலைகொண்ட இடங்கள், ஈடுபட்ட போர்கள், பகைவரிடமிருந்து கைப்பற்றிய சின்னங்கள் ஆகியன எல்லாம் அந்நூலில் இடம்பெற வேண்டும் என்று அவ்வறிவித்தல் வரையறுத்தது.

இப்பணி றிச்சார்ட் கனன் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் போர்க்களம் கண்ட தளபதியல்லர். படைத் தலைமையகத்தின் அலுவலகத்தில் தலைமை எழுதுநராக இருந்தவர். கோப்புகளின் நடுவே அமர்ந்து, ஏறக்குறைய எழுபது பட்டாளங்களுக்கு ஒவ்வொன்றாக வரலாறு எழுதி முடித்தார். ஒவ்வொரு நூலிலும் பட்டாளத்தின் கொடியையும் சீருடையையும் காட்டும் வண்ணப் படங்கள் உண்டு. அவை கையால் வண்ணம் தீட்டப்பட்டவை. ஆண்டுகள் நூற்றெழுபதுக்கு மேல் கடந்த பின்னரும் அந்தச் சிவப்பு மங்கவில்லை.

கனன் எழுதிய நூல்களுள் நமக்கு அணுக்கமானது 19ஆம் காலாட் பட்டாளத்தின் வரலாறு. அது 1848இல் வெளிவந்தது. அப்பட்டாளம் 1796ஆம் ஆண்டு தொடங்கி 1820ஆம் ஆண்டு வரை இலங்கையில் நிலைகொண்டிருந்தது. 1803ஆம் ஆண்டு ஆனி மாதம் 24ஆம் நாள் கண்டியில் அழிந்த காவற்படையில் அப்பட்டாளத்தவரும் இருந்தனர். 1803ஆம் ஆண்டிலேயே “இலங்கைத் தீவு பற்றிய விவரம்” என்ற பொருள்பட இலண்டனில் நூல் வெளியிட்ட கப்டன் றொபேட் பேர்சிவலும் அப்பட்டாளத்தைச் சேர்ந்தவரே. கொழும்புக் காவற்படையின் குருவாக இருந்த ஜேம்ஸ் கோடினர் 1807இல் எழுதிய நூலில் கண்டிப் படையெடுப்பின் செய்திகள் உள்ளன. 1804இல் மட்டக்களப்பிலிருந்து புறப்பட்டுக் கண்டிக்குள் தனித்து நுழைந்து, காடும் மலையும் கடந்து திருகோணமலைக்கு மீண்ட ஆதர் ஜோன்ஸ்ரன் என்ற படைத் தலைவர், அவ்வழிநடையை 1810இல் தாமே ஒரு சிறு நூலாக எழுதினார். இவற்றையும் பட்டாள நூல்களோடு சேர்த்துத் தேடுவதே சேகரிப்போர் வழக்கு.

ஒரே நகரம், ஒரே காலம்

கடல் கடந்து சென்னைக்குச் செல்வோம். சென்னைப் படையின் வரலாற்றை லெப்டினன்ற் கேணல் வில்சன் என்பவர் ஐந்து தொகுதிகளாக எழுதினார். அத்தொகுதிகள் 1882க்கும் 1889க்கும் இடையில் சென்னை அரசாங்க அச்சகத்தில் அச்சாயின. 1795இல் திருகோணமலையையும் 1796இல் கொழும்பையும் ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய படையில் சென்னைச் சிப்பாய்கள் பெருந்தொகையினர் இருந்தமையால், ஈழத்தின் வரலாறு கற்போருக்கும் அத்தொகுதிகள் வேண்டப்படுவன.

இவ்வாண்டுகளை மாணவர்கள் மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். சிறுப்பிட்டி தந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். உ. வே. சாமிநாதையரின் சீவகசிந்தாமணிப் பதிப்பு வந்ததும் 1887இல்தான். கறையான் வாயிலிருந்து சங்கத் தமிழை மீட்கும் பணி சென்னை அச்சுக்கூடங்களில் நடந்துகொண்டிருந்த அதே காலத்தில், அதே நகரின் இன்னோர் அச்சகத்தில், தமிழ்நாட்டுச் சிப்பாய்களின் நூற்றாண்டுச் செய்திகள் ஆங்கிலத்தில் அச்சேறிக்கொண்டிருந்தன. ஏட்டுச் சுவடிக்காரர் பட்டாளத்து நூலைப் பார்க்கவில்லை. பட்டாளத்து நூலாசிரியர் ஏட்டுச் சுவடியைப் பார்க்கவில்லை. இரண்டையும் ஒரே இறாக்கையில் வைத்துப் பார்க்கும் பேறு பின்வந்த நமக்கு வாய்த்திருக்கின்றது.

இன்னும் முற்பட்ட நூல்களும் உள. றொபேட் ஓர்ம் எழுதிய போர் வரலாற்றின் முதற்றொகுதி 1763இல் வெளிவந்தது. இரண்டாந் தொகுதி 1778இல் வந்தது. திருச்சிராப்பள்ளி முற்றுகையை அறிய விழைவோர் அதனை விடுத்து அப்பாற் செல்ல இயலாது. கேணல் ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட இரண்டு தொகுதி நினைவுகள் பாஞ்சாலங்குறிச்சிப் போரையும் 1801இல் நிகழ்ந்த சிவகங்கைப் போரையும் கண்ணாற் கண்டவரின் எழுத்து. சின்னமருது தமக்கு ஈட்டி எறியவும் வளைதடி வீசவும் கற்பித்ததை அவர் நன்றியோடு நினைவுகூர்கின்றார். பின்னர் அதே மனிதரை வேட்டையாடும் படையில் தாமும் சென்றதை எழுதும்போது அவருடைய எழுதுகோல் தயங்குவதை வாசகர் உணர்வர். ஊமைத்துரையை அவர் புகழ்ந்திருப்பது போல நம்மவர் எவரும் அக்காலத்தில் எழுதிவைக்கவில்லை.

பண்டிதனுக்குரிய பயன்

இந்நூல்களைப் படிக்கும்போது பண்டிதனின் படிப்பு வீண்போவதில்லை. அவற்றிலுள்ள ஊர்ப் பெயர்கள் முதற்பார்வையில் எந்த நாட்டு ஊர்கள் என்றே தெரியா. ‘வெர்தாசெலம்’ என்றிருக்கும், அது விருத்தாசலம். ‘உட்டாட்டூர்’ என்றிருக்கும், அது ஊட்டத்தூர். ‘கோய்லேடி’ என்றிருக்கும், அது கோவிலடி. ‘போலிகர்’ என்றால் பாளையக்காரர். கேட்ட ஒலியைக் கேட்டபடி எழுதிய அந்நியரின் செவி, அன்றைய மக்கள் ஊர்ப் பெயரை எவ்வாறு ஒலித்தனர் என்பதற்குச் சான்று பகர்கின்றது. ‘விருத்தாசலம்’ என்று ஏட்டில் எழுதியவர்கள் ‘விர்தாசலம்’ என்றே வாயாற் சொல்லினர் என்பதற்கு ஓர்ம் சாட்சி. எழுத்து வழக்குக்குச் சான்று ஏட்டில் உண்டு. பேச்சு வழக்குக்குச் சான்று தேடுவோர் இப்பக்கங்களையும் புரட்ட வேண்டும்.

சொற்களும் அவ்வாறே. சிப்பாய், சுபேதார், ஜமேதார், அவில்தார் முதலிய சொற்கள் பட்டாளத்தின் வழியாகத் தமிழ் ஊர்களுள் நுழைந்தன. அவற்றுட் சில இன்றும் குடும்பப் பெயர்களிலும் தெருப் பெயர்களிலும் தங்கியுள்ளன. கொழும்பிலே கொம்பனித்தெரு என்று சொல்லும்போது எந்தக் கொம்பனி என்று கேட்பார் அருகிவிட்டனர். சொல் எஞ்சியுள்ளது, அதன் கதை புத்தகத்துள் உறங்குகின்றது.

தேடலும் காத்தலும்

இத்தகைய நூல்கள் கிடைக்கும் இடங்கள் பற்றிச் சில சொல்வேன். பட்டாளங்கள் கலைந்தபோதும் அதிகாரிகள் தாயகம் திரும்பியபோதும் அவர்களுடைய நூல்கள் ஏலத்தில் விலைப்பட்டன. தோட்டத்துரைமாரின் வளமனைகளிலிருந்தும் பழைய சட்டத்தரணிகளின் வீடுகளிலிருந்தும் அவை மெல்ல மெல்லக் கடைத்தெருவுக்கு வந்தன. முன்பு மக்கலம் வீதி எனப்பட்ட டீ. ஆர். விஜேவர்தன மாவத்தையில், மருதானைப் பக்கமாக, பழைய புத்தகக் கடைகள் வரிசையாக இருப்பதை அன்பர்கள் அறிவர். பாடசாலை விடுமுறைகளில் கொழும்பு செல்லும்போது அவ்வரிசையில் அரைநாள் நிற்பது என் வழக்கம்.

அங்கே ஒருமுறை வண்ணப் படங்களோடு கூடிய பட்டாள நூலொன்று கண்ணிற்பட்டது. விலை கேட்டேன். கடைக்காரர் நெடுநாள் பழக்கமானவர், இசுலாமியப் பெரியவர்.

“மாஸ்டர், படங்களை மட்டும் எடுத்தால் ஒன்றொன்றாகத் தருவேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஆட்கள் தேடி வருகிறார்கள்.”

“படத்தைக் கிழித்தால் புத்தகம் என்னாகும், நானா?”

“படம் போன புத்தகம் எங்களுக்குக் கடதாசி விலைதான், மாஸ்டர்.”

அவர் மீது குறை சொல்வதற்கில்லை. அவர் உலகத்து வழக்கத்தைச் சொன்னார். இலண்டனிலும் இதுவே வழக்கம். படத்துக்காக நூலைக் குலைக்கும் வணிகர்களுக்கென்று ஆங்கிலத்தில் ஒரு தனிப் பெயரே உண்டு. ‘உடைப்போர்’ என்பது அதன் பொருள். நூறு நூல் அச்சிட்டால், அவற்றுள் படங்கள் எல்லாம் குறையாமல் இன்று எஞ்சுவன சிலவே. ஆதலின், இந்நூல்களை வாங்குவோர் முதலிற் செய்யத்தக்கது படங்களை எண்ணுவது. படம் எந்தப் பக்கத்தை நோக்கி அமைய வேண்டும் என்று புத்தகம் கட்டுவோருக்கு எழுதிய குறிப்பொன்று பெரும்பாலும் நூலின் தொடக்கத்திலோ இறுதியிலோ இருக்கும். அதனோடு ஒப்பிட்டுப் பார்த்தால் குறை தெரிந்துவிடும். அடுத்து, மடித்து வைத்த வரைபடங்களை மெல்ல விரித்துப் பார்க்க வேண்டும். முதலிற் கிழிவது மடிப்பின் மூலையே.

“இப்போது எல்லாம் கணினியில் கிடைக்கின்றனவே, பழம் பிரதி எதற்கு?” என்று மாணவர் கேட்பர். கணினியில் கிடைப்பது பேருதவி, நானும் பயன்படுத்துகின்றேன். கிராமத்துப் பாடசாலை மாணவன் ஒருவன் ஓர்மின் நூலைத் தன் கையடக்கத் தொலைபேசியில் படிக்கக்கூடும் என்பது நம் முன்னோர் கனவிலும் காணாத வாய்ப்பு. ஆயினும் ஒன்று சொல்வேன். இந்நூல்களைப் படம்பிடித்தோர் பல இடங்களில் மடித்த வரைபடத்தை விரிக்காமலே படம்பிடித்துவிட்டனர். வரைபடத்தின் முதுகைக் கணினியிற் காணலாம். முகத்தைக் காண முடியாது. எந்தக் குளக்கரையில் பாசறை இட்டனர், எந்த ஆற்றைக் கடந்தனர் என்பதெல்லாம் அந்த மடிப்புக்குள்ளே கிடக்கின்றன. விரித்துப் பார்க்கப் பழம் பிரதி ஒன்று எங்கேனும் இருந்தாக வேண்டும்.

காக்கும் முறையோ நம் வீட்டு முறையே. வேப்பிலையும் வசம்பும் ஏட்டுச் சுவடிக்கு உதவியது போல அச்சு நூலுக்கும் உதவும். சுவரை ஒட்டி அடுக்கலாகாது. காற்று ஊடாட வேண்டும். மாரிகாலம் கழிந்ததும் நிழலில் விரித்து உலர்த்த வேண்டும். இராமபாணம் துளைத்த பக்கத்தை ஒட்டுத்தாள் கொண்டு ஒட்டலாகாது. அந்தப் பசையே பின்னர் கடதாசியைத் தின்றுவிடும்.

ஆயின், இராமபாணத்துக்கும் கறையானுக்கும் தப்பியவை மனிதர் கைக்குத் தப்புவதில்லை. 1981ஆம் ஆண்டு வைகாசி 31ஆம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூல் நிலையம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. அதன்பின் நான்கு ஆண்டுகள் கழித்து, 1985ஆம் ஆண்டு வைகாசி 30ஆம் நாள், சென்னையில் பழைய புத்தகங்களுக்குப் பேர்போன மூர் மார்க்கெட் தீப்பற்றி அழிந்தது. முன்னது நம் நெஞ்சில் ஆறாத புண். பின்னதன் இழப்பைப் பேசுவார் குறைவு. ஒரு புத்தகத்தின் உலகத்துப் பிரதிகளில் எது கடைசிப் பிரதி என்பது அது எரிந்த பின்னரே தெரியவரும். ஆதலின், நம் கையிலிருக்கும் பிரதியே கடைசிப் பிரதி என்று எண்ணிக் காப்பதே நெறி.

பெயரும் எண்ணும்

இனி மூன்றாவதற்கு வருவேன். இந்நூல்களில் இல்லாதது யாது?

உயர்தர வகுப்பில் புறத்திணை படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு நாள், இலங்கையில் நடந்த போரொன்றின் இழப்பு அட்டவணையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மேலே அதிகாரிகளின் பெயர்கள். ஒவ்வொருவருக்கும் பதவியும் முதலெழுத்துகளும் உண்டு. கீழே ஐரோப்பியச் சிப்பாய்கள் இத்தனை பேர், மலாயர் இத்தனை பேர், சுதேசச் சிப்பாய்கள் இத்தனை பேர் என்று எண்கள் மட்டும் இருந்தன. சுமைதூக்கிகளுக்கு எண்ணும் இல்லை.

பின்வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, இவர்களுக்குப் பெயர் இல்லையா?” என்று கேட்டாள்.

நான் விடை சொல்லுமுன் அவளருகே இருந்தவள் சொன்னாள்: “பெயர் இருந்திருக்கும். எழுதினவருக்குத் தேவைப்படவில்லை.”

அவ்விடையைத் திருத்த எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொன்னேன். இது எழுதியவர் ஒருவரின் மறதியன்று, விதி. 1836ஆம் ஆண்டுக் கட்டளையே போரில் வீழ்ந்த அதிகாரிகளின் பெயர்களையும், ஏனையோரின் தொகையையும் பதிய வேண்டும் என்று பிரித்துச் சொல்லிற்று. சிறப்பாக வீரம் விளைத்தவன் சாதாரணச் சிப்பாயாயினும் அவன் பெயரைக் குறிக்கலாம் என்று ஒரு வாயிலும் திறந்துவைத்தது. அவ்வாயிலால் நுழைந்தோர் மிகச் சிலர்.

நம் மரபோ வேறு. வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் கல்லைத் தேர்வது தொடங்கி வாழ்த்துவது வரை படிப்படியாகக் கூறுகின்றது. அக்கல்லில் அவன் பெயரும் பெருமையும் எழுதினர். மயிலிறகு சூட்டி வழிபட்டனர். இது புலவர் கற்பனை என்று கருதுவோர் 1972இல் இரா. நாகசாமி வெளியிட்ட செங்கம் நடுகற்கள் என்னும் தொகுப்பைக் காண்க. பல்லவர் காலத்தில் ஆநிரை மீட்டு மாண்ட சிற்றூர் மறவர்களின் பெயர்கள் அக்கற்களில் உள்ளன. எடுத்தனூர்க் கல்லிலோ, தலைவனோடு நின்று கள்வரைக் கடித்த நாய்க்கும் உருவம் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்துள்ளனர். மகேந்திரவர்மன் காலத்து நாயின் பெயர் நமக்குத் தெரிகின்றது. 1803இல் கண்டியில் மாண்ட சிப்பாயின் பெயர் தெரியவில்லை.

ஈழத்திலும் நமக்கு ஒரு பட்டாளச் சாசனம் உண்டு. பொலனறுவையில், முதலாம் விஜயபாகுவின் காலத்துக்குப் பின்னர், வேளைக்காரப் படையினர் தந்ததாதுக் கோயிலைக் காப்போம் என்று உறுதி செய்து தமிழில் கல் வெட்டினர். வலங்கை, இடங்கை, வடுகர், மலையாளர் எனத் தம் பிரிவுகளை அவர்களே சொல்லிக்கொள்கின்றனர். ஒரு படை தன்னைப்பற்றித் தானே தமிழில் எழுதிய வரலாறு அது. கனனுக்கு ஏழு நூற்றாண்டு முந்தியது.

இவ்வாறு தம்மைத் தாமே எழுதிக்கொண்டோர் பிற்காலத்திலும் இருந்தனர். பிரித்தானியர் இலங்கையில் அமைத்த பட்டாளங்கள் 1827இல் இலங்கைத் துவக்குப் பட்டாளம் என ஒன்றாயின. அது 1873இல் கலைக்கப்பட்டது. அதில் மிகுதியாக இருந்த மலாயர் பாசறையில் இருந்தபடியே அரபெழுத்தில் மலாய்ச் சுவடிகள் எழுதினர். தங்களுக்கும் வங்காளத் தொண்டர்ப் படையினருக்கும் கொழும்பில் மூண்ட கைகலப்பைக் கூடப் பாட்டாக்கினர். 1869இல் பாபா யூனுஸ் சல்தீன் கொழும்பிலிருந்து வெளியிட்ட ‘அலாமத் லங்காபுரி’ மலாய் மொழிப் பத்திரிகைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்று. இவற்றையெல்லாம் வீடு வீடாகத் தேடி வெளிக்கொணர்ந்தவர் நம் நாட்டு அறிஞர் பீ. ஏ. ஹுசைன்மியா. 1990இல் அவர் எழுதிய ‘ஓராங் றெஜிமென்’ என்ற நூல், சிப்பாய்களின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட பட்டாள வரலாறு. என் இறாக்கையில் கனனின் பக்கத்திலேயே அதனை வைத்திருக்கின்றேன். ஒன்றில் எண்ணாக உள்ளவர் மற்றதில் பெயராகின்றார்.

ஈண்டு ஒரு விந்தையையும் சொல்ல வேண்டும். இப்பட்டாள நூல்களில் எதிர்த்து நின்ற தலைவனுக்குப் பெயர் உண்டு. மருதுவுக்கு உண்டு; ஊமைத்துரைக்கு உண்டு. 1803இல் வன்னியில் கப்டன் வொன் ட்றிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்ட பண்டாரவன்னியனுக்கு உண்டு. கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் நாட்டிய கல்லே அவன் பெயரைத் தாங்கி நின்றது. பகைவனுக்குப் பெயர் கொடுத்தவர்கள், தமக்காக மாண்டவனுக்கு எண்ணையே கொடுத்தனர். விலகி நிற்பவை இரண்டொன்றே. கண்டி அழிவிலிருந்து தப்பி வந்து செய்தி சொன்ன பாண்ஸ்லி என்னும் கோப்பிறலின் பெயரும், பக்கம் மாற மறுத்துக் கண்டி மன்னனின் ஆணையால் மாண்ட மலாய்க் கப்டன் நூர்தீனின் பெயரும் நின்றன.

இவ்விதி நூலோடு நின்றதா எனின், இல்லை. முதலாம் உலகப் போரில் ஈராக்கில் மாண்டோருக்கு 1929இல் எழுப்பிய பஸ்ரா நினைவுச் சின்னத்தில், பிரித்தானியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தனர். இந்தியருள் அதிகாரிகளுக்கு மட்டுமே பெயர் பொறித்து, ஏனையோரைப் பட்டாளவாரியாகத் தொகையாகக் குறித்தனர். பொதுநலவாயப் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இப்பாகுபாட்டைத் தானே ஒப்புக்கொண்டு வருத்தந் தெரிவித்தது. பெயர் பொறிக்காமலோ, நினைவே கூராமலோ விடப்பட்டோர் குறைந்தது 116,000 பேர் என்று அவ்வறிக்கை கூறிற்று. அவர்களுள் பெரும்பாலோர் கிழக்காபிரிக்கரும் எகிப்தியருமாவர். தலைமை எழுதுநரின் மேசையில் 1836இல் வகுத்த ஒரு வரி, கல்லில் ஏறி, ஒரு நூற்றாண்டுக்குப் பின்னும் ஆட்சி செய்தது.

ஏன் வைத்திருக்க வேண்டும்?

“அப்படியாயின் இவை நம்மை அடிப்படுத்தியோரின் தற்புகழ்ச்சி நூல்கள்தாமே, ஏன் காசு கொடுத்து வாங்கிக் காக்க வேண்டும்?” என்று கேட்பவர் உளர். சினம் நியாயமானது, முடிவு நியாயமானதன்று. எண்ணாகவேனும் நம்மவர் எஞ்சியிருப்பது அப்பக்கங்களில்தான். அப்பக்கமும் அழிந்தால் எண்ணும் அழியும். பெயர் தேடப் புறப்படுபவனுக்கு முதற்படி அந்த எண்ணே. இந்தப் போரில், இந்த நாளில், இந்த ஊரில், இத்தனை பேர் என்று தெரிந்தால் மட்டுமே, அவர்கள் யார் என்று கேட்க முடியும். 1913இல் பென்றி லூயிஸ் இலங்கையிலுள்ள கல்லறைக் கல்வெட்டுகளைத் தொகுத்துப் பெருநூலாக வெளியிட்டார். அதனைப் புரட்டுகையில், கல் உள்ளவர்களுக்கு நடுவே கல் இல்லாதவர்களின் வெற்றிடம் கண்ணுக்குப் புலனாகும். வெற்றிடத்தைக் காட்டுவதும் நூலின் பயனே.

அன்றியும், வென்றவன் எழுதிய நூலை எவ்வாறு படிப்பது என்பது கற்றுக்கொள்ள வேண்டிய கலை. பரணி பாடிய புலவனும் வென்றவன் பக்கம் நின்றே பாடினான். ஆயினும் பரணியை நாம் படிக்கின்றோம். சொன்னதைக் கொண்டு சொல்லாததை உய்த்துணரும் பயிற்சி உரையாசிரியர்கள் நமக்கு விட்டுச் சென்ற செல்வம். அச்செல்வத்தை இலக்கியத்துக்கு மட்டும் செலவிட்டு வரலாற்றுக்குக் கஞ்சத்தனம் செய்வது தகாது.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பாடசாலை நூல் நிலையத்தின் மேற்றட்டில் எவரும் தொடாத தோலட்டைப் புத்தகங்கள் இருக்கக்கூடும். களஞ்சியத்தைத் துப்புரவு செய்யும்போது அவற்றைக் கடதாசி விலைக்குப் போட்டுவிடாதீர்கள். தலைப்பைப் பாருங்கள், வரைபடத்தை விரியுங்கள், அட்டவணையை மாணவருக்குக் காட்டுங்கள். பெயர் எங்கே என்று அவர்களே கேட்பார்கள்.

அக்கேள்வி பழங்காலத்தோடு நிற்கப்போவதில்லை. 2009இல் முடிந்த நம் காலத்துப் போரிலும் எண்களே மிகுதியாகப் பேசப்பட்டன. இத்தனை ஆயிரம் என்பதிலும் இத்தனை பத்தாயிரம் என்பதிலும் வழக்காடினோம். எண்ணை வைத்து வழக்காடலாம். எண்ணை நினைந்து அழ முடியாது. ஊருக்கு ஒருவர் ஒரு கொப்பியை எடுத்து, தம் ஊரில் மாண்டவர்களின் பெயர்களை, எந்தப் பக்கத்தவர், எந்த நிலையினர் என்று பாராது, தகப்பன் பெயரும் தொழிலும் சேர்த்து எழுதிவைத்தால், நாளை வரும் வரலாற்றாசிரியன் எண்களோடு மட்டும் மல்லாட நேராது. கல் நட நம்மால் இயலாதிருக்கலாம். எழுதுவதற்கு ஒரு கொப்பியும் ஒரு பென்சிலும் போதும்.